தோட்டம் யாருக்குக் கனிந்தது?

விவிலியத்தில் திராட்சைத் தோட்டம் வெறும் தோட்டமன்று. எசாயா இறைவாக்கினர் இஸ்ரயேல் குலத்தையே ஆண்டவரின் திராட்சைத் தோட்டமாகக் கண்டார். நாபோத்து தம் மூதாதையரின் தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுத்து உயிரையே இழந்தார். வேலையாள்களைப் பற்றியும் கொடிய குத்தகைக்காரரைப் பற்றியும் நம் ஆண்டவர் சொன்ன உவமைகளும் திராட்சைத் தோட்டத்தில்தான் நிகழ்கின்றன. இவை அனைத்திலும் ஒரே கேள்வி ஒலித்துக்கொண்டிருக்கிறது: இத்தோட்டம் யாருடையது? இதன் கனி யாரைச் சேர வேண்டும்?

மது என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களின் மனம் கூசுவதில் வியப்பில்லை. குடியால் குலைந்த குடும்பங்கள் இல்லாத பங்கு ஏது? ஆகவே திராட்சை இரசத்தால் பேர்பெற்ற ஒரு நகரைப் பற்றி எழுத முற்படும்போது, அதன் சுவையைப் புகழ்வது நம் நோக்கமன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். மேற்கண்ட கேள்விக்கு வரலாறு அளித்துள்ள விடைகளை ஒரே மலைச்சரிவில், சில கல் தொலைவுக்குள், அருகருகே கண்டோம். அவற்றையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அந்த நகரின் பெயர் போன். பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியான பர்கண்டியில், டிஜோன் மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பழைய கோட்டைச் சுவர்கள் இன்றும் நகரைச் சூழ்ந்து நிற்கின்றன. தெருக்களுக்கு அடியில் குளிர்ந்த நிலவறைகளில் பீப்பாய்கள் வரிசை வரிசையாக உறங்குகின்றன. நகர வாயிலைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடிகளே.

சரிவும் சுவரும்

டிஜோனிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்ந்த சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் கிழக்குச் சரிவு காலைக் கதிரவனை நேராக எதிர்கொள்கிறது. உச்சியில் மண் மெலிந்து கல் மிகுதி. அடிவாரத்தில் களி மிகுதி. இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவில்தான் கொடி நன்கு கனிகிறது. பத்தடி நடந்தால் மண்ணின் தன்மை மாறிவிடும். மண் மாறினால் இரசத்தின் குணமும் மாறிவிடும் என்பது அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். ஆகவே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனியே பெயரிட்டு எல்லை வகுத்துள்ளனர். இத்தகைய 1,247 நிலத்துண்டுகளை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் பொறுமையான கணக்கெடுப்பில் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1098ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், குருத்து ஞாயிறன்று, மொலேம் மடத்தின் அதிபரான புனித ராபர்ட் 21 துறவிகளுடன் போன் நகருக்கு வடகிழக்கே இருந்த சதுப்புக் காட்டில் குடியேறினார். அவ்விடத்தின் பெயர் சீத்தோ. அக்காலத் துறவு மடங்கள் பலவற்றில் செல்வமும் சிறப்பும் மிகுந்திருந்தன. அவற்றைத் துறந்து, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி, தங்கள் கையுழைப்பால் உண்டு வாழ வேண்டும் என்பதே அவர்களுடைய வேட்கை. சில ஆண்டுகளில் பெர்நார்து என்னும் இளைஞர் ஏறத்தாழ 30 தோழர்களோடு வந்து சேர்ந்தார். அச்சிறிய மடம் சிஸ்டர்சியன் சபையாக வளர்ந்தது. புனித பெர்நார்து 1153இல் இறந்தபோது ஐரோப்பாவில் அச்சபைக்கு 300க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன.

திருப்பலிக்கு இரசம் வேண்டும். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு, துறவிகளுக்கு மது தகாது என்று கருதியபோதும், அவர்களின் பலவீனத்தை எண்ணி நாளுக்கு ஒரு சிறிய அளவை அனுமதித்திருந்தது. ஆனால் சதுப்பு நிலத்தில் கொடி வளராது. எனவே மலைச்சரிவில் வூஜோ என்னும் சிற்றூரை அடுத்து நிலம் தேடினர். சிலர் தானமாகத் தந்தனர், சில துண்டுகளை விலைக்கு வாங்கினர், சிலவற்றை மாற்றிக்கொண்டனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வாறு சேர்த்த நிலம் ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்கும் மேல். 14ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பினர். அச்சுவர் இன்றும் நிற்கிறது. உள்ளே பெரிய மரங்களால் செய்த பழைய திராட்சைப் பிழிபொறிகளையும் காணலாம்.

அந்தச் சுவரின் அருகே நின்றபோது நம் மனத்தில் எழுந்த எண்ணம் இதுதான். வறுமையைத் தேடிச் சதுப்புக் காட்டுக்குப் போனவர்களை அவர்களுடைய உழைப்பே செல்வராக்கிவிட்டது. உழைப்பு பாவமன்று; அதன் கனி சிறந்ததாக இருந்ததும் குற்றமன்று. ஆயினும் 1551ஆம் ஆண்டில் அத்தோட்டத்தின் நடுவே மடத்து அதிபர் எழுப்பிய மாளிகையைக் காண்போருக்கு, காட்டில் மரக்குடிசை கட்டிய முதல் துறவிகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

உப்பு வருமானத்தில் எழுந்த மருத்துவமனை

போன் நகருக்குத் திரும்புவோம். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பகுதி துயரக்கடலில் மூழ்கியிருந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தன. பர்கண்டிக் கோமகன் பிலிப்பு நெடுங்காலம் ஆங்கிலேயருடன் சேர்ந்து நின்றார். 1435ஆம் ஆண்டில் அராஸ் நகரில் அவருக்கும் பிரெஞ்சு மன்னருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் வேலையிழந்த கூலிப்படையினர் ஊர் ஊராகக் கொள்ளையடிக்கத் தொடங்கினர். ‘தோலுரிப்போர்’ என்பதே மக்கள் அவர்களுக்கு இட்ட பெயர். பஞ்சமும் கொள்ளைநோயும் பின்தொடர்ந்தன.

அவ்வுடன்படிக்கையை உருவாக்கியதில் முதன்மையானவர் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலேன். ஓத்தேன் நகரின் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்து, வழக்கறிஞராகத் தொடங்கி, 1422 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர். அறிவாளி, திறமைசாலி, அதே வேளையில் பெரும் பொருள் குவித்தவர். ஓவியர் யான் வான் ஐக் அவரைத் தேவதாயின் முன் முழந்தாளிட்டுச் செபிப்பவராக வரைந்த படம் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்படத்தில் அவருடைய தலைக்குப் பின்னே தெரியும் குன்றில் திராட்சைத் தோட்டங்களைக் காணலாம்.

1443ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ரோலேனும் அவருடைய மனைவி கிகோன் த சலேன் அம்மையாரும் போன் நகரில் ஏழை நோயாளருக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினர். அழிந்துபோகும் பொருளைக் கொடுத்து அழியாப் பொருளைப் பெறும் நல்ல வாணிபம் இது என்னும் கருத்தை நிறுவன ஆவணத்திலேயே ரோலேன் பதித்துவைத்தார். சலேன் ஊரில் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் ஆலைகளிலிருந்து வந்த தம் வருமானத்தில் ஆண்டுக்கு ஆயிரம் லீவர் நாணயங்களை அதற்கென ஒதுக்கினார். நாள்தோறும் மருத்துவமனை வாயிலில் ஏழைகளுக்கு அப்பம் வழங்கவும் ஏற்பாடு செய்தார். 1452ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல் நோயாளி உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார்.

அக்கட்டடத்துக்கு ‘இறைவனின் இல்லம்’ என்ற பொருளில் ‘ஓத்தெல் தியே’ என்று பெயர். தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூரையோடு மிக எளிமையாகத் தோன்றும். உள்முற்றத்துக்குள் சென்றால்தான் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பழுப்புமாக மின்னும் ஓட்டுக்கூரை நம்மை வியக்க வைக்கும். அழகு வெளியார் பார்வைக்காக அன்றி, உள்ளே படுத்திருப்போருக்காக வைக்கப்பட்டது போலும்!

‘ஏழைகளின் கூடம்’ எனப்படும் பெரிய அறை 50 மீட்டர் நீளமுடையது. அதன் மரக்கூரை கவிழ்த்து வைத்த படகைப் போன்றது. இருபுறமும் சிவப்புத் திரை தொங்கும் கட்டில்கள்; கூடத்தின் ஒரு முனையில் பீடம். படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளியும் படுத்தபடியே திருப்பலி காண வேண்டும் என்பதற்காகக் கோவிலையும் மருத்துவமனையையும் ஒரே கூரையின்கீழ் அமைத்தனர். நோயாளர்களிடம் பணிபுரிந்த சகோதரிகளிடம் நிரந்தர வார்த்தைப்பாடு கேட்கப்படவில்லை. அவர்களுக்கு அடைப்புச் சுவர் நோயாளிகளின் கட்டில் வரிசையே. கிகோன் அம்மையாரும் கணவர் 1462இல் இறந்த பின் இந்த இல்லத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1470இல் இறந்த அவரை அக்கூடத்துப் பீடத்தின் முன்னிலையிலேயே அடக்கம் செய்தனர்.

ரோலேனைப் பற்றி ஒரு கூற்று வழங்கி வருகிறது. மன்னர் பதினோராம் லூயி சொன்னதாகச் சொல்வார்கள்: தம் வாழ்நாளில் இத்தனை பேரை ஏழைகளாக்கியவர், அவர்களுக்கு ஓர் இல்லம் கட்டித் தருவது பொருத்தமே! மன்னர் உண்மையில் சொன்னாரோ இல்லையோ, அதில் ஒளிந்திருக்கும் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க இயலாது. எப்படி வந்தது என்று கேட்கத் தயங்கும் பணத்தால் செய்த அறம் அறமாகுமா?

திறக்கும்போது மறையும் முகம்

இக்கேள்விக்கு அம்மருத்துவமனையிலேயே ஒரு விடை வரைந்து வைக்கப்பட்டிருந்தது. பீடத்தின்மேல் வைப்பதற்காக ரோலேன் ஓவியர் ரோகியர் வான் டெர் வைடனைக் கொண்டு ஒரு பெரிய மடிப்போவியம் செய்வித்தார். சாதாரண நாள்களில் அதன் கதவுகள் மூடியிருக்கும். மூடிய கதவுகளில் மங்கள வார்த்தைக் காட்சியும், கொள்ளைநோயில் மக்கள் தஞ்சமடைந்த புனித செபஸ்தியாரும், தோலை எரிக்கும் நோயில் மன்றாடப்பட்ட வனத்து அந்தோணியாரும் இருப்பர். இருபக்கமும் ரோலேனும் கிகோன் அம்மையாரும் முழந்தாளிட்டிருப்பர். அதாவது கிழமை நாள்களில் நோயாளிகள் தங்களுக்கு உபகாரம் செய்தோரின் முகத்தைக் காண்பார்கள்.

ஞாயிறும் திருநாளும் வந்தால் கதவுகள் திறக்கும். திறந்ததும் உபகாரிகளின் முகங்கள் பின்புறமாகத் திரும்பி மறைந்துவிடும். பொன்னொளியில் வானவில்மீது வீற்றிருக்கும் கிறிஸ்து அரசர், அவருக்குக் கீழே வெண்ணாடையில் தராசு ஏந்திய அதிதூதர் மிக்கேல், மண்ணைப் பிளந்து எழும் மனிதர்கள்: பொதுத்தீர்வையின் காட்சி அது. எழுந்து வருவோர் ஆடையின்றி நிற்கின்றனர்; அவர்களிடையே அமைச்சர் யார், ஆண்டி யார் என்று பிரித்தறிய வழியில்லை. தராசின் தட்டுகளைப் பார்த்தால் புண்ணியத்தின் தட்டு உயர்ந்தும் பாவத்தின் தட்டு தாழ்ந்தும் இருக்கிறது. தீயோரை இழுத்துச் செல்லும் பேய்களை ஓவியர் வரையவில்லை. அவர்கள் தங்கள் சுமையாலேயே சரிந்து விழுகின்றனர்.

மரணத்தை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்களுக்கு இத்தகைய படமா என்று நாம் கேட்கலாம். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை நினைவில் கொண்டால் வேறொன்று விளங்கும். அத்தீர்வையில் கேட்கப்படும் கேள்வி, பசித்தவரையும் நோயுற்றவரையும் பற்றியது. கட்டில்களில் கிடந்தவர்களே அங்கே நடுவருக்குப் பதிலாக இருந்தவர்கள். தீர்வைக்கு அதிகமாக அஞ்ச வேண்டியவர் படம் வரையப் பணம் கொடுத்தவரே. அதை அவர் அறிந்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. தம் பாவத்தட்டின் கனத்தை அறியாதவர் இப்படியொரு தராசைத் தம் செலவில் தொங்கவிடுவாரா? கொடுத்ததால் அவர் மன்னிக்கப்பட்டார் என்று நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் தம் அறச்செயலையே சான்றாகக் காட்டித் தப்பிக்கொள்ளவும் அவர் இடம் வைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஓவியத்தின் பலகைகளைக் குறுக்கே அறுத்து, முன்புறத்தையும் பின்புறத்தையும் தனித்தனியே பிரித்துவிட்டனர். இன்று உபகாரிகளையும் தீர்வையையும் ஒரே நேரத்தில் காணலாம். கலை ஆர்வலருக்கு இது வசதி. ஆனால் கதவு திறக்கும்போது கொடுத்தவர் மறையும் அந்தப் பழைய பாடம் நம் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

கொடியிலிருந்து கட்டிலுக்கு

உப்பு வருமானத்தில் தொடங்கிய இல்லத்துக்குத் திராட்சைக் கொடிகள் எப்படி வந்தன? 1457ஆம் ஆண்டில் கில்லெமெத் லெவெர்னியே என்னும் பெண்மணி தம் திராட்சை நிலத்தைத் தானமாக அளித்தார். அதுவே முதல் தானம். அவருக்குப் பின் நூற்றாண்டுதோறும் பலர் கொடுத்தனர். இவ்வாறு சேர்ந்த தோட்டங்கள் இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர். ரோலேனின் பெயரை உலகமறியும். அந்த முதல் பெண்மணியை வரலாற்று ஏட்டைப் புரட்டுவோரே அறிவர். ஆயினும் பின்னாளில் அவ்வில்லத்தைத் தாங்கி நின்றது அவர் தொடங்கிவைத்த வழிதான்.

1859ஆம் ஆண்டு முதல் அத்தோட்டங்களின் விளைச்சலை நவம்பர் மாதத்தில் ஏலம் விடுகின்றனர். மூன்றாம் ஞாயிறன்று நடைபெறும் அந்த ஏலத்தில், எரியும் மெழுகுதிரி அணைவதற்குள் விலை கேட்கும் பழைய வழக்கம் பேர்பெற்றது. ஒவ்வொரு பீப்பாயும் 228 லிட்டர் கொண்டது. 1978 முதல் ஒரு சிறப்புப் பீப்பாயின் பணத்தைப் பிற அறப்பணிகளுக்கு அளிக்கின்றனர். 2022இல் அத்தகைய ஒரு பீப்பாய் 8,10,000 யூரோவுக்கு விலைபோயிற்று. ஏழைகள் முகர்ந்தும் பார்க்க முடியாத விலை! இந்த ஆடம்பரத்தைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. அவர்களைக் குறைகூற முடியாது. எனினும் அப்பணம் நோயாளிகளின் கட்டிலைத் தேடிச் செல்கிறது என்பதையும் மறுக்க முடியாது. 1971 வரை அப்பழைய கட்டடத்திலேயே நோயாளிகள் படுத்திருந்தனர். பின்னர் மருத்துவமனை புதிய இடத்துக்கு மாறியது. இன்று அது பொது மருத்துவமனை. பழைய இல்லம் அருங்காட்சியகம்.

பறிக்கப்பட்டதும் திரும்பி வந்ததும்

இரண்டு தோட்டங்களையும் வரலாறு ஒரே உலையில் இட்டுச் சோதித்தது. 1789ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பிரெஞ்சுத் தேசிய மன்றம் திருச்சபையின் சொத்துக்களை நாட்டுடைமையாக்கியது. அடுத்த ஆண்டில் துறவற வார்த்தைப்பாடுகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. 1791இல் சீத்தோ மடமும் வூஜோ தோட்டமும் விற்கப்பட்டன. ஏழு நூற்றாண்டு உழைப்பு ஒரே ஏலத்தில் கைமாறியது. தோட்டம் பின்னர் துண்டு துண்டாகி, இன்று ஏறத்தாழ 80 பேருக்குச் சொந்தமாக இருக்கிறது. துறவிகள் 1898இல்தான் சீத்தோவுக்குத் திரும்பினர். தோட்டம் அவர்களுக்குத் திரும்பவில்லை.

மருத்துவமனைகளும் தப்பவில்லை. 1794ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சு முழுவதிலும் அவற்றின் உடைமைகளை அரசுக்குரியவை ஆக்கியது. ஆனால் சிறிது காலத்தில் அரசு திகைத்து நின்றது. நிலத்தை விற்றுவிட்டால் நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? 1796இல் விற்கப்படாது எஞ்சியவற்றை மருத்துவமனைகளுக்கே திருப்பித் தரச் சட்டம் செய்ய நேர்ந்தது. துறவிகளின் தோட்டத்தைத் திருப்பிக் கேட்க யாரும் எழவில்லை. நோயாளிகளின் தோட்டத்தையோ, எடுத்த அரசே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏழைகளின் தேவையே அதற்கு வேலி. கற்சுவரைவிட அந்த வேலி வலிமையானது.

அப்புயலின் நடுவே இதே மண்ணில் வேறொரு விதையும் முளைத்தது. போன் நகருக்குக் கிழக்கே சாலாங் என்னும் சிற்றூரில் 1779இல் பிறந்த ஜவூகே குடும்பத்துப் பெண் ஆன்மரி, புரட்சிக் காலத்தில் தேடப்பட்ட குருக்களுக்கு மறைவிடம் அளிக்கத் துணைநின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார். அவர் நிறுவிய சபைக்கு, பர்கண்டியின் பழைய துறவு நகரான குளூனியில் 1812இல் இல்லம் கிடைத்தது. அவர்களே குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர். 1827ஆம் ஆண்டிலேயே அவர்கள் புதுச்சேரிக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினர். குளூனியின் மாபெரும் ஆலயம் அப்போது இடிபாடாகிக் கொண்டிருந்தது. அந்த ஊரின் பெயரை நம் நாட்டில் வாழவைத்தவர்கள் பெருங்கோவிலைக் கட்டியவர்களல்லர். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கன்னியர்.

அன்பார்ந்த வாசகர்களே, ரோலேன் கணக்கு நிறையச் சேர்த்தவர். சீத்தோவின் முதல் துறவிகள் ஒன்றுமில்லாமல் புறப்பட்டவர்கள். தூய்மையான நோக்கத்தோடு தொடங்கியவர்களின் தோட்டம் கைவிட்டுப் போனது; ஐயத்துக்குரிய செல்வத்தில் தொடங்கிய இல்லம் நிலைத்து நின்றது. நல்ல நோக்கம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தொடக்கம் எப்படியிருந்தாலும், கனி எந்த வாசலைக் கடந்து யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். அக்கேள்வியை நிறுத்திவிட்ட மடமும் பங்கும் குடும்பமும் தம்மையறியாமலே சுவர் எழுப்பத் தொடங்கிவிடுகின்றன.

திருப்பலியில் குரு கிண்ணத்தில் ஊற்றுவது சில துளி இரசமே. அதற்குள் மண்ணும் மழையும் உண்டு. பிழிந்தவரின் வியர்வையும் உண்டு. அது பலருக்காகச் சிந்தப்படும் இரத்தமாக மாறுகிறது என்பது நம் விசுவாசம். சிந்தப்படாமல் கிண்ணத்திலேயே தங்கிவிடும் இரசம் எத்தனை நூற்றாண்டுப் புகழ் பெற்றதாயினும், நாளடைவில் புளித்துப்போவதைத் தவிர அதற்கு வேறு கதியில்லை.